தோளில் தொங்கிய கரண்ட்

கல்யாண வீட்டில் கரண்ட் யார் கையில் இருக்கிறதோ அவரே பெரிய மனிதர். எழுபதுகளில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்யாணம் எடுத்த எந்தப் போட்டோக்காரரும் இதை மறுக்கமாட்டார். பெண்ணைப் பெற்றவரோ மாப்பிள்ளையின் தாய்மாமனோ அல்ல, மைக் செட்காரர்தான் அங்கே அதிகாரி. மண்டபங்கள் அதிகம் இல்லாத காலம். தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். வீட்டு மீட்டரிலிருந்து மைக் செட்காரர் ஒரு ஒயரை இழுத்துத் தன் பலகைக்குக் கொண்டுவருவார். அந்தப் பலகையில் இருக்கும் பிளக் ஓட்டைகளில் முதலாவது அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு. மீதியெல்லாம், அவர் மனம் வைத்தால், மற்றவர்களுக்கு. சீரியல் பல்புக்கு ஒன்று, மாப்பிள்ளையின் விசிறிக்கு ஒன்று. கடைசியில் போட்டோக்காரருக்கு.

நான் போட்டோக்காரன். ஊருக்குள் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தேன். என்னுடைய ஃப்ளாஷ் வாங்கும்போதே பழையது. மதுரையில் ஒருவர் ஸ்டுடியோவை மூடியபோது அவரிடமிருந்து வாங்கினேன். சிறிய தாம்பாளம் அளவுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு முகம், அதற்குக் கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான்கு டார்ச் செல் போடலாம், அல்லது பக்கவாட்டில் ஒயரைச் செருகி வீட்டுக் கரண்டில் ஓட்டலாம். ஒருமுறை பளிச்சிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் காலி. மறுபடி நிரம்பினால்தான் பின்பக்கம் உள்ள சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது எரியாமல் பொத்தானை அழுத்தினால் படத்தில் இருட்டுதான் விழும்.

செல்லில் ஓட்டினால் முதல் சில படங்கள் வரை குறையில்லை. ஒரு ரோல் முடிவதற்குள் செல் சோர்ந்துவிடும். பிறகு சிவப்பு விளக்குக்காக நான் காத்து நிற்க வேண்டும், கல்யாணம் எனக்காகக் காத்து நிற்காது. அதனால் கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டுமென்றால் மைக் செட்காரரைக் கேட்க வேண்டும்.

ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு ஒரே மைக் செட்காரர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தன் ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறு எதையும் மதிக்காதவர். அவருக்கு என் ஃப்ளாஷ் மேல் இருந்த கோபத்துக்குக் காரணம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு முறை அது பளிச்சிடும்போதும் அவருடைய குழாய் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு அது நிரம்பும் வரை ‘கொர்ர்’ என்று இரையும். வேப்பமரத்தின் உச்சியில் கட்டிய குழாய், தெரு முழுக்க இரையும்.

“என்னவே, ஒம்ம பெட்டிக்குள்ள தவளய வச்சிருக்கீரா?” என்பார்.

“ரெண்டு படந்தான் அண்ணாச்சி. முடிச்சிருதேன்.”

“ரெண்டு ரெண்டுன்னு ராத்திரி வரைக்கும் எடுப்பீரு. என் செட்டுக்குக் கெட்ட பேரு.”

சொல்லிவிட்டு என் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். நான் போய் அவர் முகம் பார்த்து நிற்பேன். வெற்றிலையை மென்று முடித்த பிறகு மறுபடி செருகுவார். இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

ஒரு தை மாதம், ரதவீதிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதை ஒரு படம் எடுத்தேன். ஃப்ளாஷ் காலியானது. நிரம்பிக்கொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகிற அந்த நேரத்தில் குழாயில் என் இரைச்சல் கேட்கக்கூடாதென்று அவர் பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார், அட்சதை விழுந்தது, எல்லாம் முடிந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்ற நான் ஒன்றையும் எடுக்கவில்லை.

நான் பெண்ணின் அப்பாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு நிமிடம் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனால் போதும், படம் எடுத்துவிடலாம் என்றேன். அவர் தலையாட்டப் போனார். பின்னால் நின்ற அவருடைய அக்கா குறுக்கே வந்துவிட்டார்.

“கட்டுன தாலில மறுபடி கைய வைக்கதா? இதென்ன நாடகமா? மொதத் தாலி என்னாச்சுன்னு நாளைக்கு ஒருத்தி கேப்பா. போட்டோ இல்லாட்டா போகுது.”

அந்த அம்மாள் சொன்னது ஊர் வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் தாலி முடிச்சை இரண்டாவது தடவை நடித்துக் காட்ட யாரும் சம்மதிக்கமாட்டார்கள். விட்டால் விட்டதுதான்.

மறுநாள் டீக்கடையில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். வைத்தவர் மைக் செட்காரர்தான் என்று பிறகு தெரிந்தது. முடிச்சவிக்கி. மடியில் முடிந்த காசை அவிழ்த்துக்கொண்டு போகிற திருடனைத் திட்டும் வார்த்தை அது. தாலி முடிச்சை விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று ஊர் சிரித்தது. சைக்கிளில் போகிறவர்கள்கூட, “முடிச்சவிக்கி கடை தெறந்திருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஒரு கல்யாணம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற சின்னப் படங்கள் மட்டும் வந்தன. கல்யாணம் வராத ஸ்டுடியோ எங்கள் ஊரில் ஒரு வருஷம் தாங்காது.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பழைய ஃப்ளாஷைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான்காரன் செய்த சின்னது ஒன்று வாங்கு என்றார்கள். அந்தச் சின்ன ஃப்ளாஷை நான் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். தீப்பெட்டி மாதிரி இருந்தது, வெளிச்சமும் அப்படியே. கூட்டத்துக்குப் பின்னால் நின்று அடித்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். மைக் செட்காரரிடம் போய்ச் சமாதானம் பேசு என்றார்கள் வேறு சிலர். அதைக் கேட்டபோதுதான் முடிவு செய்தேன். இன்னொருவர் பலகையில் ஓட்டை கேட்டு நிற்பது இனி இல்லை. ஃப்ளாஷும் இதுவேதான் இருக்கும். கரண்டை நானே சுமந்துகொண்டு போவேன்.

நான்கு டார்ச் செல் சேர்ந்தால் ஆறு வோல்ட். அந்தக் காலத்து மோட்டார் பைக் பேட்டரியும் ஆறு வோல்ட். கணக்கு இவ்வளவுதான். ராஜபாளையம் ரோட்டில் பேட்டரி சார்ஜ் போடுகிற கடையில் நல்ல நிலையில் இருந்த ஒன்றைப் பார்த்து எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“பைக்க எங்கன விட்டுட்டு வந்திய?”

“பைக் இல்ல. பேட்டரி மட்டுந்தான்.”

“அதான் கேக்குதேன். குருதய விட்டுட்டு லாடத்த மட்டும் கூட்டிட்டு வந்திருக்கியளே.”

பேட்டரி பெரியது, ஃப்ளாஷுக்குள் போகாது. ஒயரை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு, செல் இருக்கிற இடத்தில் செல் மாதிரியே ஒன்று உட்கார்ந்து, அதன் முனையிலிருந்து ஒயர் வெளியே வர வேண்டும். மரத்தில் செய்யலாம் என்று தோன்றியது. தொட்டில் கால் கடையும் கடைசல்காரரிடம் போனேன். எங்கள் ஊரில் டார்ச் செல்லைப் பேட்டரிக் கட்டை என்றுதான் சொல்வோம். அதனால் வந்த குழப்பம் இது.

“எனக்கு நாலு பேட்டரிக் கட்டை வேணும்.”

“அது ஃபேன்ஸி கடையில கெடைக்கும் அண்ணாச்சி.”

“இல்ல, மரத்துல வேணும்.”

அவர் கடைசலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மரத்துலயா? டார்ச்சு எரியாதே.”

“எரிய வேண்டாம்.”

“எரியாத பேட்டரிக் கட்டையா?”

“கட்டைதான். வெறுங்கட்டை.”

பங்குனி வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அளவு தவறாமல் கடைந்து கொடுத்தார். இரண்டு போதும், ஒயர் தொடவேண்டியது முதல் முனையும் கடைசி முனையும்தான். இருந்தாலும் நான்கு இடத்தில் இரண்டு காலியாக இருப்பது என் கண்ணை உறுத்தும் என்பதால் நான்கு செய்தேன். இரண்டின் முனையில் பித்தளைத் திருகாணி வைத்து ஒயரைச் சுற்றினேன். பிளஸ் எது, மைனஸ் எது என்று மாறினால் ஃப்ளாஷ் அதோடு செத்துப்போகும். பிளஸ் கட்டையின் தலைக்கும் பிளஸ் ஒயருக்கும் என் மனைவியின் நகப்பூச்சைத் தடவிச் சிவப்பாக்கினேன். “எனக்குப் பூசிவிட ஒரு நாள் ஒழியல, கட்டைக்குப் பூசுதிய” என்றாள்.

முதல் சோதனையில் தோற்றேன். சிவப்பு விளக்கு எரிய வெகுநேரம் ஆயிற்று, பழைய செல்லைவிட மோசம். ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. வாசல் மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர் அது. வர வேண்டிய கரண்டை வழியிலேயே தின்றுகொண்டிருந்தது. லாரிக்குப் போடுகிற தடித்த ஒயரை வாங்கி, நீளத்தையும் என் இடுப்பிலிருந்து கை வரைக்கும் போதுமான அளவுக்குக் குறைத்தேன். இப்போது பளிச்சிட்டு ஐந்தாறு விநாடிக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே ‘ஙொய்’ என்று ஒரு சீழ்க்கைச் சத்தம், மெதுவாகத் தொடங்கி உச்சிக்குப் போய் நின்றது. நானும் மனைவியும் இருட்டு அறையில் உட்கார்ந்து இருபது முறை அடித்துப் பார்த்தோம். இருபதாவதும் முதலாவதைப் போலவே வந்தது.

பஸ் சீட்டு தைக்கிறவர் ரெக்ஸினில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். பேட்டரி சாயக்கூடாது, சாய்ந்தால் ஆசிட் கசியும். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் கசிந்தது. சட்டையில் இடுப்புப் பக்கம் எதுவும் தெரியாது. துவைத்து வரும்போதுதான் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள் தெரியும். அந்த வருஷம் எனக்கிருந்த எல்லாச் சட்டைக்கும் இடது பக்கம் ஓட்டை.

வைகாசியில் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். பெஞ்சில் உட்காரவில்லை.

“எம் மவளுக்குக் கல்யாணம். ஒம்மட்டப் போவாதன்னு நாலு பேரு சொன்னான். நாலு பேரு சொன்னா நான் கேக்கமாட்டேன், அதான் வந்தேன். தாலிப் படம் விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லும்.”

“விழும்.”

“மைக் செட்டு அந்த அண்ணாச்சிதான். முன்னாலயே பேசியாச்சு.”

“யாரு செட்டா இருந்தா எனக்கென்ன? மூணு முடிச்சும் விழும்.”

அப்படி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடுவார். முதல் முடிச்சோடு ஃப்ளாஷ் காலியாகிவிடும் என்பதால் மற்ற இரண்டை எங்கள் ஊரில் யாரும் எடுத்ததில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. இனி அது விழ வேண்டும். இதுவும் தவறினால் ஸ்டுடியோவின் பூட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கல்யாணத்தன்று பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனேன். மைக் செட்காரர் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. நான் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன்.

“வே, பிளக்கு வேண்டாமா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“இன்னைக்கும் வேடிக்க பாக்கத்தான் வந்தீரா?” என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல் எல்லாம் எடுத்தேன். ஒவ்வொரு முறை பளிச்சிடும்போதும் அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய குழாயில் ‘டப்’ சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் மணவறைக்குப் பக்கத்தில் நாதஸ்வரத்துக்காக வைத்த மைக்கில் என் ஃப்ளாஷின் சீழ்க்கை மெல்லிதாக விழுந்தது. அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். தனக்குத் தெரியாமல் நான் எங்கேயோ ஒயர் செருகியிருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். என் ஒயர் ரெக்ஸின் பைக்குள்ளிருந்து வருவது அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கரண்ட் என்றால் பலகையிலிருந்து மட்டும்தான் வர முடியும் என்று இருபது வருஷமாக நம்பியவர்.

ரோலில் ஆறு படம் பாக்கி இருந்தது. முடிச்சு நேரத்தில் தீர்ந்துவிடக்கூடாதென்று அதைக் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டேன். மேளக்காரரைப் பார்த்து ஐயர் கையை அசைத்தார். கெட்டிமேளம் தொடங்கியது.

அப்போது மாப்பிள்ளையின் விசிறி நின்றது. மைக் செட்காரர் என் பிளக்கைத் தேடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விசிறியைப் பிடுங்கினார். நான் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தபடி நின்றேன். சீரியல் பல்பு அணைந்தது. பலகையில் மீதி ஒரே ஒரு பிளக். தன் ஆம்ப்ளிஃபயர் எப்போதும் முதல் ஓட்டையில் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அன்று காலையில் முதல் ஓட்டை தளர்ந்திருந்ததால் அதைத் தானே வேறு ஓட்டைக்கு மாற்றியது மறந்துபோயிருந்தது. மீதியிருந்தது என்னுடையது என்று நினைத்து அதையும் பிடுங்கினார். மரத்து மேல் குழாய் செத்தது. குழாயில் கேட்டுக்கொண்டிருந்த மேளமும் நாதஸ்வரமும் சட்டென்று நேரடிச் சத்தமாகச் சுருங்கின. கூட்டம் மொத்தமும் பலகைப் பக்கம் திரும்பியது.

மணவறைக்கு முன்னால் எனக்கு வழி கிடைத்தது. முதல் முடிச்சு, பளிச்.

சீழ்க்கை தொடங்கியது. மாப்பிள்ளை கையை எடுக்க, பின்னால் நின்ற அவருடைய அக்கா குனிந்து கயிற்றை வாங்கினார். பெண்ணின் மாலை குறுக்கே வந்ததால் முடிச்சு விழக் கொஞ்சம் நேரமாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது, பளிச். மறுபடி சீழ்க்கை. அட்சதை என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ, “நகருங்க” என்று முதுகில் தள்ளினார்கள். நான் நகரவில்லை. விளக்கு எரிந்தது. மூன்றாவதும் விழுந்தது.

பின்னால் விவசாயியின் குரல் கேட்டது. “செட்டுக்கார அண்ணாச்சி, எல்லாத்தயும் புடுங்கிட்டீரு. அடுப்பு மட்டும் எரியுது, அதயும் அணைச்சிருதீரா?”

அன்று முழுவதும் அந்தப் பேச்சுக்குச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ரோலைக் கழுவிப் பார்க்காமல் சிரிக்கிற பழக்கம் எனக்கில்லை.

மூன்றும் விழுந்திருந்தன. அடுத்த வாரம் முதலில் வந்தது விவசாயி அல்ல, மாப்பிள்ளையின் அக்கா. கோவிலுக்கு வந்தவர் அப்படியே கடைக்குள் வந்தார். படங்களை மேசையில் வைத்தேன். முதல் படத்தைப் பார்க்காமல் மற்ற இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“எனக்கு மூணு தம்பி அண்ணாச்சி. மூணு பேருக்கும் நாந்தான் முடிச்சு போட்டேன். ரெண்டு பேரு ஆல்பத்துலயும் நான் கெடையாது. முடிச்சு போட்டது நான்னு சொன்னா, எங்க காட்டுன்னு எம் மவளே கேக்கா.” படத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். “இது என் கை. இந்த வளையலப் பாத்தாத் தெரியும்லா?”

“தெரியும்.”

“இதுல ரெண்டு போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்குத் தனியா.”

ஆவணியில் மூன்று கல்யாணம் வந்தது. உள்ளூரில் ஒன்று, குருவிகுளத்திலிருந்து ஒன்று, சிவகிரியிலிருந்து ஒன்று. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, மூன்று முடிச்சும் விழுமா என்று. அதுவரை எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி. பிறகு அதைக் கேட்காமல் யாரும் போட்டோக்காரரைப் பேசவில்லை.

மைக் செட்காரர் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். மரக்கட்டையை எடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“வேப்பமரமா?”

“பூவரசு.”

கட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: “புதுப் பலக போட்டிருக்கேன். கடைசி ஓட்டைய ஒமக்குன்னே விட்டிருக்கேன். இனிமே ஒருத்தன் தொடமாட்டான். இந்தச் சொமைய ஏன் சொமக்கீரு?”

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் பதில் மாறவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. விசிறிக்குக் குடுங்க.”

“கனமா இருக்கும்லா?”

“கனமாத்தான் இருக்கு.”

அவர் எழுந்து போனார். அதன் பிறகும் பல கல்யாணங்களில் சந்தித்துக்கொண்டோம். வெற்றிலை கொடுப்பார், வாங்கிக்கொள்வேன். அந்தக் கடைசி ஓட்டை எத்தனையோ பந்தல்களில் காலியாகவே இருந்ததைப் பார்த்தேன். ஒருநாளும் செருகவில்லை.

எண்பதுகளில் நல்ல ஃப்ளாஷ்கள் வந்துவிட்டன. சின்ன செல்லிலேயே வேகமாக நிரம்புகின்றன. வாங்கச் சொல்லி என் மனைவி சொன்னாள், கடைக்கு வருகிறவர்களும் சொன்னார்கள். பேட்டரியைத்தான் மாற்றினேன், ஃப்ளாஷை மாற்றவில்லை. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் தையல்காரர் சட்டைக்கு அளவெடுத்தபோது டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

“இடது தோள் ஒரு விரக்கடை எறங்கிருக்கு அண்ணாச்சி. உள்ள பஞ்சு வச்சுச் சமமாக்கிருதேன், வெளிய தெரியாது.”

“பஞ்செல்லாம் வேண்டாம்” என்றேன். “எறங்குனது எறங்குனபடியே வெட்டும்.”